செருப்புக் காவல்

முப்பது வருஷம் நான் செருப்புகளுக்குக் காவல் இருந்திருக்கிறேன். எங்கள் குடும்பம் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளிலும், காணும் பொங்கலன்றும், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கடல் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நாட்களிலும் இதுதான் நடக்கும். மணலில் கால் வைத்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடுவார்கள். கூடவே கைப்பை, செல்போன், மூக்குக் கண்ணாடி. நீ உட்காருகிறாயா என்று யாரும் கேட்டதில்லை. நானும் எழுந்து நின்றதில்லை, அது என் தப்பு.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈர மணலும் காய்ந்த மணலும் சேர்கிற இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டிலிருந்து பத்தடி மேலே தள்ளித்தான் உட்கார வேண்டும். பல அலைகள் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். திடீரென்று ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் மேலேறி வரும். புதிதாக வந்தவர்கள் அதில்தான் செருப்பைப் பறிகொடுப்பார்கள். ஜோடி ஜோடியாகக் கவிழ்த்து அடுக்கி, கைப்பையின் வாரை அவற்றுக்குள் விட்டு, வாரின் நுனியை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொள்வேன். நாயும் தூக்காது, அலையும் தூக்காது. கடலை ஒரு கண்ணால் பார்ப்பேன், இன்னொரு கண் செருப்பின் மேல் இருக்கும்.

எங்கள் வீட்டு ஆண்கள் இடுப்பளவு தண்ணீர் வரை போவார்கள். பெண்கள் புடவையை ஒரு சாண் தூக்கிக் கால் நனைப்பார்கள். எனக்கு அந்தக் கால் நனைப்பும் கடைசி ஐந்து நிமிஷம்தான், எல்லோரும் திரும்பி வந்தபின். அதற்குள் பின்னாலிருந்து, சீக்கிரம் வா, அடையாறு பாலத்தில் வண்டி நகராது என்று குரல் வந்துவிடும்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பத்துக்குப் பத்து கடை. இருபத்தைந்து வருஷம் மிஷினை மிதித்து முழங்கால் தேய்ந்துபோனதும் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நடைப்பயிற்சி வேண்டாம், முடிந்தால் நீச்சல் போங்கள் என்றார். அவர் பேச்சுவாக்கில் சொன்னாரோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தொன்பது வயதில், காலை ஆறு மணி பெண்கள் வகுப்பில், பத்து வயதுப் பிள்ளைகளோடு நீச்சல் குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தேன். மூன்று மாதத்தில் குளத்தின் அகலத்தைக் கடந்தேன். இரண்டு வருஷத்தில் நிற்காமல் இருபது தடவை போய் வந்தேன். என் கணவர் அதைத் தடுக்கவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது, மாத்திரை மாதிரி என்று நினைத்துக்கொண்டார். வலி குறைந்தது. ஆனால் குளத்தில் ஒவ்வொரு முறையும் சுவர் வந்துவிடுகிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அப்படி இருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். மூவரும் கடற்கரைக்குப் போனோம். அப்பாவும் மகனும் மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனார்கள். மணலில் நடக்கச் செருப்பு இடைஞ்சல் என்று வழக்கம்போல என் முன்னால் கழற்றிவிட்டுப் போனார்கள். நான் மூன்று ஜோடிகளையும் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது, நீச்சல் தெரியும், எதிரே கடல், நான் ரப்பருக்குக் காவல். எனக்கு வந்த கோபத்தில் செருப்பை மேலே தள்ளி வைக்காமல் அப்படியே எழுந்தேன்.

எழுந்தவள் செய்த முதல் காரியம், துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு போட்டுக் குத்திக்கொண்டு, நுனிகளை இடுப்பில் முடிந்ததுதான். நனைந்தால் உடம்பு தெரியுமே. நாலு பேர் பார்ப்பார்களே. இந்த ஊரில் கடலில் இறங்குகிற பெண்கள் அத்தனை பேரும் இதைத்தான் செய்கிறோம். முழுச் சுடிதார், அதன் மேல் துப்பட்டா, அதற்கு ஊக்கு. கல்யாண வீட்டுக்குப் போகிற அளவுக்கு உடுத்திக்கொண்டு கடலுக்குள் போகிறோம்.

முதல் பத்து நிமிஷத்தை யார் என்ன சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முட்டளவு, இடுப்பளவு, பிறகு ஒரு அலை என்னைத் தூக்கி அடுத்த பக்கம் இறக்கியது. சுவர் இல்லை. சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்டது. நாலு கை போட்டேன், இன்னும் நாலு போட்டேன். அப்புறம் பருத்தித் துணி தண்ணீரைக் குடித்து முடித்தது. சுடிதார்ப் பேன்ட் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியது. அலை துப்பட்டாவை முன்பக்கம் புரட்டிப் போட்டது, அது என் வலது கையைச் சுற்றிக்கொண்டது. உதறிப் போடலாம் என்றால் தோளில் ஊக்கு. தண்ணீருக்குள் ஊக்கைத் தேடி இடது கையால் தடவினேன், கிடைக்கவில்லை. மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. இருபது தடவை குளத்தைக் கடந்தவள் பருத்தித் துணிக்குள் செத்துப்போகிறேன் என்று தெளிவாக நினைத்தது நினைவிருக்கிறது.

கரையில் ஃபைபர் போட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் ஓடிவந்து பாய்ந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். நாற்பது வயது இருக்கும். பக்கத்துக் குப்பத்துக்காரர். நான் இருமி முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தவர், திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தபோது வேறு ஒன்று சொன்னார்.

"உனுக்கு நீச்சல் தெர்து யக்கா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன், கை நல்லாதான் போட்ட. இந்தத் துணிதான் உன்ன அமுக்கிச்சு."

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கணவர் வந்தார். கையில் பஜ்ஜிப் பொட்டலம் இருந்தது. என்னைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நனைந்திருந்த என் துணியைப் பார்த்தார், மணலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?" என்றார்.

செருப்பை அலை கொண்டு போயிருந்தது. மூன்று ஜோடியும். வெறுங்காலோடு மூவரும் வீடு திரும்பினோம், மகன் ஆட்டோவில், நாங்கள் ஸ்கூட்டரில். பிழைத்து வந்தவளிடம் கேட்கிற முதல் கேள்வியா அது? அதை நான் மறக்கப் போவதில்லை என்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் தீர்ப்பு வந்தது. என் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். தெற்கே கடலோரத்து ஊர்க்காரர். கத்திப் பேசமாட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"இனிமே நீ கடல்ல எறங்கினன்னு தெரிஞ்சா, இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

மகனும் போனில் அப்பாவுக்கு ஒத்து ஊதினான். குளத்திலேயே நீந்தலாமே அம்மா, இந்த வயதில் என்ன சாகசம் என்றான். மன்னார்குடியிலிருந்து நாத்தனார் பேசினார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எல்லோரும் கடலைத்தான் குற்றம் சொன்னார்கள். கடல் ஆபத்து, கடலை நம்பக் கூடாது, கடல் யாரையும் விடாது. நானும் ஒரு வாரம் அதை நம்பிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பிளவுஸுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிப் பிளவுஸைப் பிடித்து இழுக்கும். தினமும் காலையில் கடை திறந்ததும் வாளியிலிருந்து லைனிங்கைத் தூக்கிப் பிழிவதுதான் என் முதல் வேலை. அன்று பத்துப் பிளவுஸுக்கான துணி ஊறிக்கொண்டிருந்தது. குனிந்து தூக்கினேன், முழங்கால் வலித்தது, கைநழுவி மறுபடி வாளிக்குள் விழுந்தது. நான் அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் ஈரப் பருத்தியின் கனத்தைத் தூக்குகிறவள், அதே பருத்தியை உடம்பு முழுக்கச் சுற்றி, கழற்ற முடியாமல் ஊக்கும் குத்திக்கொண்டு கடலில் இறங்கியிருக்கிறேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். தையல்காரிக்கு மன்னிப்பே கிடையாது.

கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. மரியாதை என்று நான் உடுத்திக்கொண்டு போனதுதான் என்னை மூழ்கடிக்கப் பார்த்தது. இதைப் புரிந்துகொண்டபின் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு தி.நகர் போனேன். கணவர் வேலை பார்க்கிற கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு தெருவுக்குப் போனேன். தண்ணீரைக் குடிக்காத, இழுத்தால் நீள்கிற நைலான் துணி கருநீலத்தில் கிடைத்தது. பரதநாட்டிய உடுப்புக்கா மேடம் என்று கேட்டார் கடைக்காரர். எனக்கு நீந்த என்றேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே துணியை அளந்து வெட்டினார்.

எனக்கு நானே அளவெடுத்து எவ்வளவு காலமாகியிருந்தது தெரியுமா? மார்பு, இடுப்பு, தொடை, எல்லாவற்றையும் நேர்மையாகக் குறித்துக்கொண்டேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி. முழுக்கை. நாடா இல்லை, கொக்கி இல்லை, ஊக்கு இல்லவே இல்லை. இரண்டு தடவை தப்பாக வெட்டி, மூன்றாவது தடவை ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து முடித்தேன். கடையில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்து நெடுநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி, இந்த வயதில் இது யாருக்கு என்று சிரித்தாள். எனக்குத்தான் என்று சொல்லி, அவளைத் திருப்பி நிறுத்தி முதுகு அளவெடுத்தேன். அளவெடுக்கும்போது நான் வழக்கமாகப் பேச்சுக் கொடுப்பேன். அன்று கொடுக்கவில்லை.

பிறகு அந்த மீனவரைத் தேடிப் போனேன். கடலில் நீந்தக் கற்றுக்கொடுங்கள் என்றேன். அவர் என் உடுப்பைக் கையில் வாங்கி, தண்ணீரில் முக்கி எடுத்து, உதறிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். அவர் நிபந்தனைகள் கறாரானவை. அவர் இல்லாமல் இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டிய மிதவை இல்லாமல் இறங்கக் கூடாது. அடையாறு கடலில் சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் கூடாது. முதல் இரண்டு வாரம் தண்ணீரில் இறங்கவே விடவில்லை. கரையில் நிற்கவைத்து அலையைப் பார்க்கச் சொன்னார். இரண்டு பக்கமும் அலை உடைகிறது, நடுவில் ஓரிடம் மட்டும் சாதுவாகக் கிடக்கிறது, எங்கே இறங்குவாய் என்று கேட்டார். சாதுவான இடத்தைக் காட்டினேன். அங்கேதான் நீர் உள்ளே இழுக்கும், அங்கே போனால் திரும்ப மாட்டாய் என்றார். முப்பது வருஷம் கடலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்?

வீட்டில் நான் எதையும் ஒளிக்கவில்லை. முதல்நாள் இறங்கிவிட்டு வந்த காலையில், ஈரத் தலையோடு நின்று கணவரிடம் நேராகச் சொன்னேன். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து மாட வீதி மெஸ்ஸில் சாப்பிட்டார். காலையில் இரண்டு இட்லி, இரவில் தோசை. அவர் பங்குக்குச் சமைப்பதை நான் நிறுத்தவில்லை. தினமும் தட்டுப் போட்டு மூடிவைத்தேன், தினமும் அதை மறுநாள் நான் சாப்பிட்டேன். மெஸ்ஸில் குழம்பு ஒரே புளிப்பு என்று மகனிடம் குறைப்பட்டாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரவில் பக்கத்தில் படுத்திருப்பவரின் வயிறு கடமுடவென்று சத்தம் போடும்போது பாவமாகவும் இருந்தது. இருந்தாலும் நான் இறங்கிப்போகவில்லை. அவர் பேசினால் நானும் பேசலாம், அவர் பேசவில்லை. இப்படி ஆறு வாரம் போயிற்று.

ஆறாவது வார முடிவில் மீனவர் எனக்கு நாள் குறித்தார். அலை உடைகிற இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அங்கே நங்கூரம் போட்டிருக்கும் அவருடைய போட்டைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அதைச் செய்துவிட்டால் கடலில் நீந்தத் தெரிந்தவள் என்று அவர் ஒப்புக்கொள்வார். முதல்நாள் இரவு, நாளைக்கு அலையைத் தாண்டிப் போகிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். கணவர் புரண்டு படுத்தார்.

விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. நான் கருநீல உடுப்பில், மிதவையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். நடக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். அப்போது மணலில் செருப்பு சப்தமிட என் கணவர் வந்தார். ஸ்கூட்டர் சாவி கையிலேயே இருந்தது, சட்டையைத் தப்பாகப் பொத்தான் போட்டிருந்தார். முகம் சவரம் செய்யாமல் சோர்ந்திருந்தது. ஆறு வாரத்தில் முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"போகாத," என்றார்.

அதில் அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சலுக்குத்தான் நான் எப்போதும் பணிந்துபோவேன், அதட்டலுக்கு இல்லை. மீனவர் தண்ணீருக்குள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைக் கழற்றினேன். இரண்டையும் சேர்த்துக் கணவரின் காலருகே வைத்தேன்.

"செருப்பப் பாத்துக்கோங்க," என்றேன்.

என் வாழ்க்கையில் இந்த வார்த்தையை நான் இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அலை உடைகிற இடம்தான் கஷ்டம். எதிரே எழும்போது அதை முட்டக் கூடாது, மூச்சைப் பிடித்து அடியில் நுழைய வேண்டும். மீனவர் பக்கத்தில் வர, மூன்று அலைக்கு அடியில் நுழைந்தேன். நான்காவது என்னைப் புரட்டியது. உடம்பில் துணி சுற்றவில்லை, இழுக்கவில்லை, கால் இரண்டும் எனக்குச் சொந்தமாக இருந்தன. நிமிர்ந்தேன், தாண்டியிருந்தேன். அந்தப் பக்கம் கடல் பெரிதாக மூச்சு விட்டுக்கொண்டு அமைதியாக இருந்தது. போட்டின் பக்கவாட்டை உள்ளங்கையால் தட்டிவிட்டுச் சுற்றி வந்தேன். அங்கிருந்து பார்த்தால் பெசன்ட் நகர் முழுவதும் ஒரு விரல் உயரம்தான். அதன் அடியில் வெள்ளைச் சட்டையாக ஒரு புள்ளி இருந்தது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். பயந்தேன், பயந்துகொண்டே நீந்தினேன், வயிறு நிறையச் சந்தோஷமாக இருந்தது.

கரையில் ஏறியபோது ஒரு போலீஸ்காரர் விசிலோடு காத்திருந்தார்.

"ஏம்மா, இவ்ளோ நேரம் விசில் அடிக்கிறேன், காதுல விழல? உங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டு, அவங்கள வெளிய வரச் சொல்லுங்கன்னா, அவங்களுக்கு நீச்சல் தெரியும் சார், வந்துருவாங்கன்றார்."

மீனவர் போலீஸ்காரரின் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சமாதானம் பேசினார். நான் கணவரைத் தேடினேன். ஈர மணலின் கோட்டுக்கும் கீழே, அலை வந்து தொடுகிற இடத்தில், நான் விட்டுப்போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பேன்ட் இடுப்பு வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. என் செருப்பு இரண்டையும் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அலை ஏறி வந்தபோதும் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. எழுந்தால் கடலிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு பஜ்ஜிய வாங்கிட்டுத் திரும்பிப் பாத்தேன், செருப்பும் இல்ல, நீயும் இல்ல. உன்னப் பாத்ததும் என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

என்னைப் பற்றிக் கேட்டிருக்கலாம் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். பிறகு என் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவரும் எழுந்தார். குனிந்து பார்த்தேன், அவர் வெறுங்காலோடு நின்றார்.

"உங்க செருப்பு எங்க?" என்றேன்.

கடலைக் கையால் காட்டினார். கோட்டிலிருந்து பத்தடி மேலே தள்ளி உட்கார வேண்டும், இதுகூடத் தெரியாதா என்று நான் ஆரம்பித்தேன். ஸ்கூட்டரை நோக்கி நடந்துகொண்டே, அடுத்த வாரம் மேலே தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன் என்றார், வீட்டில் காலைக்கு என்ன இருக்கிறது என்றும் கேட்டார்.